இணைய மறுக்கும் மடிக்கணினி



இன்று உங்களுடன் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கைத்தொலைபேசியிலுள்ள இணையத்தை மடிக்கணினிக்குப் பகிர்ந்தளிக்க முயலும்பொழுது, மடிக்கணினி அதனை ஏற்க மறுக்குமாயின் யாது செய்வது என்பதே அது. இப்பகிர்வை ஹொட்ஸ்பொட் என்று நம் பிள்ளைகள் வழங்குகின்றனர். பெயர் அந்நியமாயினும் பொருள் எளிது. தொலைபேசியானது கோபுரத்திலிருந்து தான் பெறும் இணையத்தை, தானே ஒரு குட்டி வானொலி நிலையமாக நின்று, அருகிலுள்ள ஏனைய கருவிகளுக்கு வழங்குகிறது. அவ்வளவுதான்.

நானோ கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்தவன். கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரேயொரு தகுதி உண்டு. ஒரு மழைநாளின் மாலைப்பொழுதில் இச்சிறு கருவி என்னைப் படாத பாடு படுத்தியது. அன்று கற்ற பாடத்தையே இங்கு கூற வந்தேன்.

வன்னியிலுள்ள ஓர் அரசினர் பாடசாலைக்கு நான் அதிபர். பொதுப் பரீட்சைக்குத் தோற்றும் மாணாக்கரின் விண்ணப்பங்களை அதிபர்மாரே இணையவழி அனுப்பும் முறை இப்பொழுது வழக்கிலுள்ளது. அன்று இறுதி நாள். நால்வருடைய விண்ணப்பங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. அவர்களது விவரங்களிலே திருத்தம் வேண்டியிருந்தமையால் நேர்ந்த தாமதம். அத்தாமதத்தில் என் பங்கும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பிற்பகல் மூன்று மணியளவில் இடியுடன் மழை பிடித்தது. மின்சாரம் நின்றது. அலுவலகக் கணினி அணைந்தது. இணையத்தைத் தரும் ரவுட்டரும் உடன் கண்மூடிற்று. எஞ்சியது ஒரு பழைய மடிக்கணினி. விடுமுறை முழுவதும் மின்னேற்றமின்றி அலுமாரியில் கிடந்து, அன்று காலையிலேதான் ஒரு வகுப்புக்காக உயிரூட்டப்பட்டது அது. அதன் மின்கலத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த ஆயுளே இருந்தது. அந்நால்வருள் இருவர் மழைக்கு ஒதுங்கி விறாந்தையில் நின்றனர். அவருள் ஒருத்தி தன் குடும்பத்திலே முதன்முதலாக உயர்தரம் எழுதவிருப்பவள். அவள் கதவோரமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்தேன். மடிக்கணினியின் திரையில் அருகிலுள்ள வைஃபை இணைப்புகளின் பட்டியலை நோக்கினேன். என் தொலைபேசியின் பெயர் அங்கு இல்லை. உடனே நான் செய்தவற்றைக் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றினேன். தொலைபேசியின் பெயரையும் மாற்றினேன். தொலைபேசியை அணைத்து மூட்டினேன். மடிக்கணினியையும் அணைத்து மூட்டினேன். அப்பழைய இயந்திரம் மீண்டும் எழுந்து நிற்பதற்குள் விலைமதிப்பற்ற ஐந்து நிமிடங்களும் மின்கலத்தில் ஒரு பங்கும் போயின. பெயரே தெரியாத இடத்திற் கடவுச்சொல்லை மாற்றுவதனால் என்ன பயன்? கதவு எங்கே என்று அறியாதவன் சாவியை மாற்றி மாற்றிச் செய்வித்த கதைதான்.

எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியை இளவயதினர், அமைதியானவர். என் தடுமாற்றத்தைச் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சேர், என்ர பழைய போனிலை ஒருக்கா போட்டுப் பாப்பமே?” என்று கேட்டார். போட்டார். அடுத்த கணமே அவருடைய தொலைபேசியின் பெயர் பட்டியலிலே தோன்றிற்று. அவருடைய தொலைபேசியில் டேட்டா முடிந்திருந்தது. நிரப்பு அட்டை வாங்கக் கடைவரை செல்ல மழையும் விடவில்லை. ஆகவே அதனால் விண்ணப்பம் அனுப்ப இயலாது. ஆயினும் அந்த ஒரு சோதனை, நான் இருபது நிமிடமாகத் துழாவியும் கண்டறியாததைக் காட்டிவிட்டது. மடிக்கணினியிற் பழுதில்லை, அதற்குக் கண் தெரிகிறது. என் தொலைபேசியும் பழுதானதன்று. முதல்நாள் இரவுதான் வீட்டில் என் மகனின் புதிய மடிக்கணினிக்கு அது இணையம் வழங்கியது. அப்படியாயின் குற்றம் இவ்விரண்டுக்கும் இடையிலே இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் வானொலி நேயர்களுக்கு நான் நீண்ட விளக்கம் தரவேண்டியதில்லை. என் இளமைக் காலத்தில், 1970களில், எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் முகப்பிலே மத்திய அலைக்கு ஓர் அழுத்தியும் சிற்றலைக்கு ஓர் அழுத்தியும் இருந்தன. சிற்றலைக்குரிய கோட்டில் 25 மீற்றர், 31 மீற்றர் என்று இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அயல்வீட்டாரின் சிறிய பெட்டியில் மத்திய அலை மட்டுமே உண்டு. சிற்றலையில் வரும் நிலையத்தை அப்பெட்டியில் எத்தனை முறை திருகினாலும் கேட்க முடியாது. நிலையம் பாடிக்கொண்டுதான் இருக்கும். பெட்டியும் நல்ல பெட்டிதான்.

வைஃபையும் வானொலியே. அதற்கும் அலைவரிசைப் பிரிவுகள் உண்டு. பெருவழக்கில் உள்ளவை இரண்டு: ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், அஃதாவது செக்கனுக்கு 240 கோடி அதிர்வுகள். மற்றையது 5 கிகாஹேர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர்; பின்னதன் அலைநீளம் அதிற் பாதியளவு. நீண்ட அலை சுவர்களை ஊடுருவிச் சற்றுத் தொலைவு செல்லும். குறுகிய அலை தொலைவு செல்லாது, ஆனால் விரைவு மிகுந்தது. மலிவான பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். என் மகனோ விரைவை விரும்பி, என் தொலைபேசியை 5 கிகாஹேர்ட்ஸில் அமைத்து வைத்திருந்தான். அவனுடைய கணினிக்கு அது கேட்டது. பாடசாலையின் கணினிக்குக் கேட்கவில்லை. ஆசிரியையின் பழைய தொலைபேசி 2.4இலே பேசியது. செய்தி அவ்வளவே!

அன்ட்ரொயிட் தொலைபேசியாயின், ஹொட்ஸ்பொட்டின் அமைப்புகளுக்குள்ளே அலைவரிசையைத் தெரிவு செய்யும் இடம் ஒன்று இருக்கும், அதனை 2.4க்கு மாற்றுதல் வேண்டும். ஐபோன் வைத்திருப்போர் அவ்வாறு இலக்கத்தைக் காணமாட்டார்கள். ஐபோன் 12 முதலான தொலைபேசிகளில், ஹொட்ஸ்பொட் பக்கத்திலே, பழைய கருவிகளோடும் பொருந்திச் செல்லும்படி பணிக்கும் ஓர் ஆளி உண்டு. அதனைத் திறந்தால் தொலைபேசி 2.4க்கு இறங்கி வரும். விரைவு சற்றுக் குறையும். விண்ணப்பப் படிவம் அனுப்புவதற்கு அவ்விரைவு தாராளமாகப் போதும்.

பெயர் தெரியாமைக்கு வேறு காரணங்களும் உள. மடிக்கணினியிலே விமானப் படமிட்ட விசையை யாரேனும் தற்செயலாக அழுத்தியிருந்தால் வைஃபை முழுவதுமே அணைந்திருக்கும். அப்பொழுது எந்தப் பெயரும் தெரியாது. ஒன்றுமே தெரியாமை வேறு, உங்கள் தொலைபேசியின் பெயர் மட்டும் தெரியாமை வேறு. இவ்வேறுபாட்டைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று: தொலைபேசிகள் சிக்கனக்காரர்கள். சில நிமிடங்கள் எவரும் இணையாவிடின் ஹொட்ஸ்பொட்டைத் தாமே மூடிக்கொள்ளும் தொலைபேசிகள் பல. ஐபோனில், முதன்முறை இணையும்வரை அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருத்தல் நன்று.

எங்கள் கதைக்கு மீள்வோம். அலைவரிசையை மாற்றியதும் என் தொலைபேசியின் பெயர் பட்டியலில் வந்து நின்றது. கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தேன், மறுத்தது. காரணம் வெட்கப்படத்தக்கது. பதற்றத்தில் நான் மாற்றிய கடவுச்சொல்லின் முதலெழுத்தைத் தொலைபேசி தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட்டிருந்தது. நான் சிறிய எழுத்தை அடித்தேன். ஆசிரியை தொலைபேசியை வாங்கிக் கடவுச்சொல்லைத் திரையிலே வெளிப்படையாகக் காட்டச் செய்து, பார்த்து அடித்தார்.

பெயர் தெரிந்தும் உள்ளே விடாத இவ்விரண்டாம் நிலையில் வேறு இரண்டு காரணங்களை நினைவில் வைத்திருத்தல் தகும். கணினி பழைய கடவுச்சொல்லை மனனஞ் செய்து வைத்திருக்கும். நீங்கள் தொலைபேசியில் புதியதை வைத்தபின்னும் அது பழையதையே ஒப்புவித்து நிற்கும். அறிந்த இணைப்புகளின் பட்டியலுக்குச் சென்று, இதனை மறந்துவிடு என்று கட்டளையிட்டு, மீண்டும் முதலிலிருந்து இணைக்க வேண்டும். மறக்கவும் கற்பிக்க வேண்டிய மாணாக்கன் இவன் ஒருவன்தான்! மற்றையது பாதுகாப்பு முறை. டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் முறை 2004இல் வந்தது, டபிள்யூ.பி.ஏ. 3 என்பது 2018இல் வந்தது. புதிய தொலைபேசி மூன்றாவதிலே மட்டும் பேசும்படி அமைந்திருந்தால், பழைய மடிக்கணினிக்கு அம்மொழி விளங்காது. கடவுச்சொல் சரியாயிருந்தும் இணைப்பு நிகழாது. தொலைபேசியில் இரண்டாவது முறையைத் தெரிவு செய்தாற் சரியாகும். கடவுச்சொல்லே வேண்டாம் என்று திறந்து விடுவாரும் உளர். அது வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது, அதனை நான் பரிந்துரையேன்.

இணைந்துவிட்டது என்று திரை கூறியது. பெருமூச்சு விட்டோம். பரீட்சைக்குரிய வலைத்தளத்தைத் திறக்க முயன்றால், இத்தளம் நம்பத்தக்கதன்று என்னும் எச்சரிக்கை வந்து வழிமறித்தது. வேறு தளங்களும் அவ்வாறே. இது மூன்றாம் நிலை: வாசலுக்குள் வந்தாயிற்று, வெளியுலகுக்கு வழி இல்லை.

பொதுவாக இந்நிலையிலே தொலைபேசியைத்தான் முதலிற் பார்க்க வேண்டும். அதில் டேட்டா திறந்திருக்கிறதா, பொதியில் மீதி உண்டா, அந்தத் தொலைபேசியிலேயே ஒரு பக்கம் திறக்கிறதா? தொலைபேசிக்கே இல்லாததை அது கணினிக்கு எங்ஙனம் வழங்கும்? அன்றோ என் தொலைபேசியிற் பக்கங்கள் தடையின்றித் திறந்தன. ஆசிரியை மடிக்கணினித் திரையின் வலது கீழ் மூலையைச் சுட்டிக்காட்டினார். அங்கே ஆண்டு 2015 என்றிருந்தது.

கணினி அணைந்திருக்கும்பொழுதும் அதன் கடிகாரத்தை ஓடச் செய்வதற்குத் தனியே ஒரு சிறு மின்கலம் உள்ளே இருக்கும். அது செத்துப்போய், பெரிய மின்கலமும் விடுமுறையில் முற்றாக வடிந்துவிட, கடிகாரம் பழைய காலத்துக்கே திரும்பிவிட்டது. கடிகாரத்துக்கும் இணையத்துக்கும் என்ன உறவு என்று நானும் கேட்டேன். வலைத்தளங்கள் தாம் இன்னார் என்று நிறுவுவதற்கு ஒரு சான்றிதழை நீட்டுகின்றன. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015இலே உறைந்துவிட்ட கணினிக்கு அவை யாவும் இன்னும் பிறவாத சான்றிதழ்கள். அது நம்ப மறுத்ததிலே தவறில்லை. நாளையும் நேரத்தையும் திருத்தினோம், தளம் திறந்தது. மறுவாரம் அச்சிறு மின்கலத்தை மாற்றுவித்தோம். அலுமாரிக் கதவின் உட்புறத்திலே ஆசிரியை ஒரு மட்டையை ஒட்டி வைத்திருக்கிறார்: பெயர் தெரிகிறதா, உள்ளே விடுகிறதா, பக்கம் திறக்கிறதா, திகதி சரியா என்று நான்கு வரிகள். என் கையெழுத்து விளங்காது என்று தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் வழி பிறக்காவிடின் கம்பி வழி ஒன்று உண்டு. தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியோடு தொடுத்து, தொலைபேசியின் அமைப்புகளில் யூ.எஸ்.பி. வழியாக இணையத்தைப் பகிருமாறு பணித்தால், வைஃபையின் தயவு வேண்டியதில்லை. அலைவரிசையும் கடவுச்சொல்லும் அங்கு எழா. ஆனால் கம்பி நல்லதாயிருத்தல் வேண்டும். மலிவான கம்பிகள் சில மின்னேற்ற மட்டுமே உதவும், செய்தியைக் கடத்தமாட்டா. அத்துடன், தொலைபேசி அக்கம்பி வழியே மடிக்கணினியின் மின்னையும் உறிஞ்சும். மின்வெட்டு வேளையில் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். இணைந்தபின் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கி உங்கள் பொதியைச் சில நிமிடங்களில் விழுங்கிவிடவும் கூடும். அவ்விணைப்பை அளவிடப்படும் இணைப்பு என்று குறித்து வைத்தால் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

நால்வருடைய விண்ணப்பங்களும் சேர்ந்தன என்னும் செய்தி திரையிலே தோன்றியபொழுது மின்கலத்தில் நூற்றுக்குப் பதினொரு பங்கு எஞ்சியிருந்தது. விறாந்தையில் நின்ற இருவரையும் உள்ளே அழைத்து, அவர்களுடைய பெயர்களைத் திரையிற் காட்டினேன். அப்பெண் தன் பெயரின் எழுத்துக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தாள். மழை அப்பொழுதும் விடவில்லை. அலுவலகத்தில் இருந்தது ஒரே குடை. அதனை அவர்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, நானும் ஆசிரியையும் மழை ஓயும்வரை காத்திருந்தோம்.