புதிய பிறேக்கும் முதல் மிதியும்



வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரை காலி வீதியிலே காரோட்டிச் செல்பவரின் வலக்காலுக்கு ஓய்வென்பதே கிடையாது. தெஹிவளைச் சந்தியில் பஸ் வண்டி திடீரென நிற்கும். கல்கிசையில் முச்சக்கரவண்டியொன்று குறுக்கிடும். ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தும் வேலையிற் பெரும் பங்கினைச் செய்பவை, முன்சில்லுகளுக்குள் மறைந்திருக்கும் நான்கு சிறு கட்டைகளேயாம். 'பிறேக் பாட்' என்று நாம் வழங்குவது இவற்றைத்தான்.

சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டினை இக்கட்டைகள் இருபுறமும் நின்று நெரிக்கின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த லங்கெஸ்டர் என்பார் 1902ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் கார்களில் இது பரவ அரை நூற்றாண்டு சென்றது. அதற்கிடையில் விமானச் சில்லுகள் இதனை ஏற்றுக்கொண்டன. 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்ற பின்னரே மோட்டார் உலகம் விழித்துக்கொண்டது. 1935ஆம் ஆண்டிலிருந்தே விமானங்கள் வந்திறங்கும் இரத்மலானையில் இருந்துகொண்டு, விமானத்துக்கும் நம் காருக்கும் உள்ள இவ்வுறவை எண்ணிப் பார்ப்பது சுவையானதே.

கட்டையின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் அதனை மாற்றிவிட வேண்டும். ஜாக்கியால் மட்டும் தூக்கிய காரின் கீழ் எவரும் கை நீட்டலாகாது. உறுதியான தாங்கி வைத்தல் அவசியம். சில்லைக் கழற்றி, கலிப்பரின் திருகாணியை நீக்கினால் பழைய கட்டைகள் வெளிவரும். கலிப்பரை அதன் றப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் கட்டி வைக்க வேண்டும். தூசியை ஊதித் தள்ளுதல் கூடாது. பழைய கட்டைகள் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அது சுவாசப்பையைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்தலே நன்று.

இங்கே கரையோரவாசிகளுக்கு ஒரு சொல். உட்கட்டை நன்றாய்த் தேய்ந்து வெளிக்கட்டை புதிது போலிருந்தால், குற்றம் பெரும்பாலும் கட்டையினுடையதன்று. கலிப்பர் வழுகிச் செல்லும் ஊசிகளை உப்புக் காற்று துருப்பிடிக்கச் செய்திருக்கும். அவற்றைத் துப்புரவாக்கி, சூடு தாங்கும் கிறீஸ் பூசாமற் புதுக் கட்டை போடுவது வீண் செலவு. அந்தக் கிறீஸ் கட்டையிலோ தட்டிலோ ஒரு துளியேனும் படலாகாது.

தடித்த புதுக் கட்டைகளுக்கு இடமளிக்கப் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலேயுள்ள கிண்ணத்தில் பிறேக் எண்ணெய் உயரும். வழிந்தால் வர்ணத்தை அரித்துவிடும்.

இவை யாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முற்றத்திலே நானே செய்து முடித்தேன். அயலிலிருந்த முதிய பாஸ் மதிலுக்கப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெருமிதத்தோடு ஏறியமர்ந்து காரைப் பின்னோக்கி எடுத்தேன். முற்றம் படலையை நோக்கிச் சரிந்தது. படலையடியில் அடுத்த வீட்டுச் சிறுவன் பந்தெடுக்கக் குனிந்திருந்தான். பெடலை மிதித்தேன், தடையேதுமின்றி அது தரையைத் தொட்டது! கையானது தானாகவே கைப்பிறேக்கை இழுத்திராவிடில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பேன். கைப்பிறேக் கம்பியினால் பின்சில்லுகளைப் பிடிப்பது; ஆகையால் அது வேலை செய்தது. கார் பையனுக்கு நான்கடி தூரத்தில் நின்றது.

"மாத்தயா, காரை எடுக்குமுன் பெடலை மிதித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார் பாஸ்.

நான் பார்க்கவில்லை. உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டனுக்கும் புதுக் கட்டைக்கும் இடையில் வெளியுண்டு. முதல் மிதிகளெல்லாம் அவ்வெளியை நிரப்பவே போய்விடும், தட்டை நெரிக்கா. ஆகவே, கார் நின்ற நிலையிலேயே பெடல் கல்போல் இறுகும்வரை பல முறை மிதித்தல் வேண்டும். பின்னர் எண்ணெய் மட்டத்தையும் சில்லு நட்டுகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

அன்று மாலை பாஸ் என்னருகே அமர, சந்தடியற்ற ஒழுங்கையொன்றில் மிதமான வேகத்திலிருந்து காரைப் பலமுறை மெதுவாக்கி, இடையிடையே ஆறவிட்டு, கட்டைகளைத் தட்டோடு பழக்கினோம். காலி வீதிக்கு அதனைக் கொண்டுசெல்ல அவர் என்னை மறுநாட் காலையிலேதான் அனுமதித்தார்.