மகப்பேறு தாமதமானால்
(செலியமேட்டில் கூடிய கிராம நலக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



விதையையும் உரத்தையும் பற்றி நாம் உங்களிடம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கூச்சம் தருவது. ஆயினும் பேசாதிருப்பதால் விளையும் தீங்கு பெரிது.

மணமாகி ஈராண்டு கழிந்தும் குழந்தை இல்லையெனில் பழி யார்மீது விழுகிறது என்பது யாவரும் அறிந்ததே. வளைகாப்புக்கு அப்பெண்ணை அழைப்பதில்லை. அழைத்தாலும் வளையல் இடச் சொல்வதில்லை. கணவனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் திண்ணையில் எழுகிறது. அக்கணவனை மருத்துவர் ஒருமுறையேனும் சோதித்தாரா என்று கேட்பார் இல்லை. விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதர் நீக்கும் உழவர், இதில் மட்டும் ஆராயாது தீர்ப்புக் கூறுவது விந்தையே!

உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கின்றனர் என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஏறக்குறையப் பாதித் தம்பதிகளிடத்தில் ஆணின் குறையும் காரணமாக உள்ளது.

உழவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கலிபோர்னியாவிலுள்ள லாத்ரோப்பில், நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த தொழிலாளர், தம்முள் பலருக்குக் குழந்தை பிறவாமை கண்டு 1977-இல் ஐயுற்றனர். சோதித்தபோது பலரின் விந்தில் உயிரணுக்கள் குறைந்தோ, அறவே இன்றியோ இருந்தன. அவர்தம் மனைவியர்மீது எத்தனை பழி விழுந்திருக்குமோ! 1979-இல் அம்மருந்தின் பயன் அமெரிக்காவில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. பூச்சிமருந்தை வெறுங்கையால் கலக்குவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். பீடியும் சாராயமும் விந்தணுவுக்குக் கேடே.

கூடி வாழ்ந்து ஓராண்டாகியும் கருத்தரிக்காவிடில் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மனைவிக்கு வயது 35-க்கு மேலாயின் ஆறு மாதமே போதும். கணவனுக்குரிய விந்துச் சோதனை எளிது, வலியற்றது, செலவும் குறைவு. ஆகவே அதனைத் தொடக்கத்திலேயே செய்துவிடுதல் நலம். 2 முதல் 7 நாட்கள் வரை உறவு தவிர்த்தபின் விந்து தரவேண்டும். அது ஒரு மணி நேரத்துள் ஆய்வுக்கூடம் சேரவேண்டுமாதலால், இங்கிருந்து பஸ்ஸில் எடுத்துச் செல்வதைவிட அங்கேயே தருவது உத்தமம். குறை தெரிந்தால் மனமுடைய வேண்டாம். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதமாவதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிப்பர்.

பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்கு, தைராய்டு முதலிய இரத்தச் சோதனை, ஸ்கேன் ஆகியன பார்ப்பர். கருக்குழாய் அடைப்பை அறிய, விலக்கு நின்றபின் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பர். அப்போது சிறிது நேரம் அடிவயிறு வலிக்கும். இதை முன்னரே சொல்லிவிட்டால் அச்சம் பாதி தீரும். நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணமாகும்.

முதலில் பாகூர் அரசு சுகாதார நிலையத்தை அணுகுக. அடுத்துப் புதுச்சேரி அரசு மகளிர் மருத்துவமனையும் ஜிப்மரும் உள்ளன. தரகர் பேச்சை நம்பி நிலத்தை அடகு வைக்கவேண்டா. சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை தரும் நிலையங்கள் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமையுண்டு. வெற்றி உறுதி என்று எவரேனும் கூறின், அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

மாமியார்மாரிடம் ஒரு வேண்டுகோள்: மருமகளைத் தனியே அனுப்பாதீர்கள். முதல் நாளே மகனையும் உடன் அனுப்புங்கள். பழைய சோதனைச் சீட்டுகள் இருந்தால் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.