ஓட்டு வீடும் தகரச் சாய்ப்பும்: சூடு வெளியேற வழி



கூரம் போன்ற காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் ஓட்டு வீட்டை ஒட்டித் தகரச் சாய்ப்பு இறக்கி, சுவர் எழுப்பி அறையாக்கிக் கொள்வதுண்டு. நாட்டு ஓட்டின் இடுக்குகளில் காற்று கசியும், தகரத்தில் கசியாது. சூடான காற்று மேலேறி, சாய்ப்பின் உயர்ந்த மூலையில் தேங்கும். அங்கே அடுக்கிய விதைநெல்லின் முளைப்புத்திறன் குறையும். படுப்பவர்க்கும் உறக்கம் வராது.

ஆகவே, ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியே கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி வேண்டும். சாய்ப்பின் தாழ்ந்த விளிம்பில், சுவருக்கும் தகரத்துக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இரு பக்கச் சுவர்களிலும், சாய்ப்பு உயர்ந்து நிற்கும் மூலையில் இரண்டு செங்கல் அளவு துளை வையுங்கள். மேலே மட்டும் திறந்தால் போதாது. கீழிருந்து காற்று புகுந்தால்தான் சூடு வெளியேறும்.

ஓட்டுக் கூரைக்கு முகட்டை ஒட்டிய பக்கச் சுவர்களில் துளை வேண்டும். இரு கூரைக்கும் நடுவிலுள்ள சுவரின் தலைப்பை அடைத்துவிடுங்கள். சாய்ப்பின் சூடு வீட்டுக்குள் ஏறாது.

துளைகளுக்குக் கம்பி வலையும் சிறு தகர மறைப்பும் தேவை. எலியும் சாரலும் புகா. ஐப்பசிப் புயல்காற்று தூக்காதபடி தகரத்தைக் கொக்கி ஆணியால் இறுக்குங்கள். பங்குனி வெயிலுக்கு முன்பே இவ்வேலையை முடித்துப் பயன் பெறுங்கள்.