ஒரே ஏரி, வருஷத்துக்கு நாலு முகம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "பறவை பாக்க எந்த மாசம் போகணும்?" எந்த மாசமும் போலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் வேற ஏரிக்குப் போன மாதிரி இருக்கும். நம்ம பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்தையே எடுத்துக்கலாம். 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம் பள்ளிக்கரணை. ஓஎம்ஆர்ல வேலை செய்யறவங்க பலர் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போறாங்க.

ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிப்போம். பெரிய மழை இன்னும் வரல, ஓரமெல்லாம் சேறு. அப்பவே வடக்கேருந்து உள்ளான்கள் வந்து இறங்கிடும். சைபீரியா வரைக்கும் உள்ள ஈரநிலங்கள்ல குஞ்சு பொரிச்சுட்டு வர்ற சின்னச் சின்ன பறவைங்க. நமக்கு நாறுற அந்தச் சேத்துலதான் அதுங்களுக்குப் புழு, பூச்சி எல்லாம்.

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை. தண்ணி ஏற ஏற வாத்துகள் வரும். ஜனவரியில போனா ஊசிவால் வாத்து தலையைத் தண்ணிக்குள்ள விட்டு, வாலை மேல தூக்கி மேயறதைப் பாக்கலாம். பொங்கல் லீவுல நடக்கற பறவைக் கணக்கெடுப்புல நீங்களும் சேரலாம்.

ஏப்ரல்ல விருந்தாளிங்க கிளம்பிடும். அதோட சீசன் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. வெயில்லதான் நெடுங்கால் உள்ளான் காய்ஞ்ச திட்டுல முட்டை வைக்கும். வயித்து இறகை நனைச்சுட்டு வந்து உக்காந்து முட்டையைக் குளிர வைக்கும். இலைக்கோழிக்கு நீள வால் முளைக்கும். அதுல அடைகாக்கறது அப்பாதான்!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இத்தனையும் நடக்கக் காரணம் ஓரத்துல இருக்கற ஆழம் கம்மியான தண்ணி. உள்ளானுக்கு நீந்தி மேயத் தெரியாது, கால் ஊனி நிக்கணும். ஆனா நம்ம ஏரியா ஏரியை 'அழகாக்கறோம்'னு சொன்னா என்ன பண்றோம்? சுத்தி செங்குத்தா வெட்டி, கல்லு பதிச்சு, கோரையைப் பிடுங்கி, வாக்கிங் டிராக் போடறோம். நீர்க்காகம் மீன் பிடிக்கும், சரி. உள்ளான் எங்க நிக்கும்?

தூர்வாரவே கூடாதுன்னு சொல்லல. வெள்ளம் பாத்த ஊரு இது, தண்ணி நிக்க இடம் வேணும். சிக்கல் என்னன்னா, தூர்வார முடியறதும் ஏரி காய்ஞ்ச வெயில்லதான், தரையில முட்டை இருக்கறதும் அப்பதான். அதனால ஒரேயடியா பண்ணாம ஒரு வருஷம் ஒரு பக்கம்னு பண்ணலாம். நடுவுல ஆழப்படுத்திட்டு, ஒரு கரையையாவது சரிவா, கோரையோட விடலாம். உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஏரி பத்திப் பேச்சு வந்தா இதைச் சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு குளத்தைத் தேர்ந்தெடுத்து, மாசம் ஒரு காலை போங்க. பறவை பேரோட தண்ணி எங்க வரைக்கும் நிக்குதுன்னும் எழுதுங்க. ஒரு வருஷ நோட்டு கையில இருந்தா கூட்டத்துல உங்க பேச்சுக்கு வெயிட் இருக்கும்.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்!