முழுமையைக் கற்பிக்கும் பொறியியல்



ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய தொழிற்சாலை ஒன்று, போர்க்காலத்துக்கு முன்னர், பரந்தனில் இயங்கி வந்தது. முதியோர் பலர் அதனை நினைவில் வைத்திருப்பர். உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தும்போது ஒருபுறம் குளோரின் வாயுவும் மறுபுறம் எரிசோடாவும் பிறக்கின்றன. ஒன்றை விடுத்து மற்றொன்றை மாத்திரம் இம்முறையால் ஆக்க இயலாது. ஒரு தொன் குளோரின் உண்டாகுமிடத்து, விரும்பினும் விரும்பாவிடினும், ஏறத்தாழ 1.1 தொன் எரிசோடா உடன்பிறந்தே தீரும். சவர்க்காரம் செய்வோருக்கு எரிசோடா வேண்டும். குடிநீரைத் தூய்மை செய்வோருக்குக் குளோரின் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை. எரிசோடாவை எல்லோரும் கேட்கும் காலத்தில் குளோரினை எவரும் கேளாவிட்டால், அந்த நச்சு வாயுவை எங்கே வைப்பது?

இத்தகைய ஆலை உலகில் எங்கிருந்தாலும் அதனை நடத்துவோர் இவ்வினாவை எதிர்நோக்கவே வேண்டும். இது மின்கலத்தைப் பற்றிய வினாவன்று. குழாயையோ கொதிகலனையோ பற்றியதுமன்று. ஆலை முழுவதையும், அதன் சந்தையையும், அதனைச் சூழ்ந்த ஊரையும் ஒன்றாக வைத்து எண்ணினாலன்றி இதற்கு விடை கிடையாது. இவ்வாறு எண்ணுவதற்கென்றே வளர்ந்த கல்வித்துறைதான் செயன்முறைத் தொகுதிப் பொறியியல். இரசாயனப் பொறியியலில் முதற்பட்டம் பெற்ற மாணவர் மேற்படிப்புக்காக நாடும் துறைகளுள் இது ஒன்று. பெயர் பெரிதாக இருப்பதனாலோ என்னவோ, இதனை நாடுவோரிற் பலர் இன்னதென்று அறியாமலே நாடுகின்றனர்.

அமோனியா ஆலையை எடுத்துக்கொள்வோம். உரத்துக்கு ஆதாரமான அமோனியாவை நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து ஆக்குகின்றனர். தாக்கக் கலத்தினூடே ஒரு முறை செல்லும் வாயுவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவே அமோனியாவாக மாறுகிறது. எஞ்சியதை வீணாக்கலாகாது என்று மீண்டும் கலத்துக்கே திருப்பி அனுப்புகின்றனர். சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் காற்றிலிருந்து நைதரசனை எடுக்கும்போது ஆர்கன் என்னும் வாயுவும் சிறிது உடன் வந்து விடுகிறது. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைந்த இந்த வாயு எதனோடும் சேராது. சுற்றிச் சுற்றி வந்து நாளடைவில் பெருகிவிடும். ஆகவே சுற்றும் வாயுவில் ஒரு பகுதியை இடையறாது வெளியேற்ற வேண்டும். வெளியேற்றினாலோ, விலையுயர்ந்த ஐதரசனும் உடன் போய்விடும். எவ்வளவு வெளியேற்றுவது? மிகுதியானால் நட்டம், குறைந்தால் உற்பத்தி தேயும். தனித்தனியே பார்த்தால் எந்தக் கலத்திலும் குற்றமில்லை. சிக்கல் பிறப்பது அவற்றைப் பொருத்திய முறையிலே.

பொருத்திய முறையை எண்ணாமற் செய்த மாற்றம் உயிர்களையும் கொண்டுபோகும். 1974ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்னும் ஊரிலிருந்த இரசாயன ஆலை வெடித்து 28 பேர் மாண்டனர். வரிசையாக நின்ற ஆறு கலங்களுள் ஐந்தாவது வெடிப்புக் கண்டதால் அதனை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாய் ஒன்றினால் இணைத்திருந்தனர். தக்க வரைபடமோ கணிப்போ இல்லாமல் அமைந்த அந்த இணைப்பே முறிந்தது.

இத்துறைக்கு வழிவகுத்தோருள் முதன்மையானவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ரோஜர் சார்ஜன்ட். 1926இற் பிறந்து 2018இல் மறைந்த இவர், கலாநிதிப் பட்டம் பெற்றதும் ஆசிரியர் பதவிக்கு விரையவில்லை. பிரான்சில் காற்றைக் குளிர்வித்து ஒட்சிசனையும் நைதரசனையும் பிரிக்கும் ஆலைகளை அமைக்கும் நிறுவனத்தில் ஏழாண்டு பணியாற்றி, 1958இலேயே கல்லூரிக்குத் திரும்பினார். கணினி அரிய பொருளாயிருந்த அக்காலத்தில், ஓர் ஆலையை முழுவதுமாகச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியால் தீர்க்கலாம் என்ற துணிவு அவருக்கிருந்தது. அவரிடம் பயின்ற ஆர்தர் வெஸ்டர்பேர்க்கும் இக்னேசியோ குரோஸ்மனும் பின்னர் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தை இத்துறையின் மற்றொரு தலைமைப் பீடமாக்கினர். 1982இல் யப்பானின் கியோத்தோ நகரில் இத்துறையின் பெயராலேயே முதலாவது சர்வதேச மாநாடு கூடியது. 1989இல் இம்பீரியல் கல்லூரியில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்று சார்ஜன்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஓர் ஆராய்ச்சி மாணவனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்க்கு ஒரு வரலாறு உண்டு. எந்த ஆலையிலும் சில பாய்பொருள்களைச் சூடாக்க வேண்டும். சிலவற்றைக் குளிர்விக்க வேண்டும். குளிர வேண்டியதன் வெப்பத்தைச் சூடாக வேண்டியதற்குக் கொடுத்தால் எரிபொருள் மிஞ்சும் என்பது எவருக்கும் தெரியும். எதனை எதனோடு இணைப்பது என்பதிலேதான் அறிவு தடுமாறியது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த போடோ லின்ஹோஃப், சூடான பொருள்கள் யாவற்றையும் ஒரு வளைகோடாகவும் குளிர்ந்தவை யாவற்றையும் இன்னொரு வளைகோடாகவும் வரைந்து, அவை மிக நெருங்கி வரும் இடத்தைக் கவனித்தார். அந்த இடுக்குக்கு மேலேயுள்ள வெப்பத்தைக் கீழே கடத்தலாகாது. கடத்தினால் அதே அளவு வெப்பத்தை மேலே புதிதாக வாங்கவும், கீழே குளிர்நீரினால் அகற்றவும் நேரும். ஒரு பிழைக்கு இரு தண்டம்! இவ்விதியை அறிந்தவர் கடதாசியும் பென்சிலும் கொண்டே, ஓர் ஆலைக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதை, அதனைக் கட்டுவதற்கு முன்னரே கூறிவிடலாம். 1979இல் முடிந்த அந்த ஆய்வு தொழிற்சாலைகளுக்குள் விரைவில் நுழைந்தது.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்றுண்டு. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோமன் என்பவர் 1971இலேயே தம் ஆய்வேட்டில் இக்கருத்தின் பெரும்பகுதியைக் கண்டிருந்தார். அது பரவலாக வெளிவராமையால் அறிந்தோர் சிலரே. ஆலையில் வேலை செய்பவருக்கு விளங்கும்படி எடுத்துரைக்கும் ஆற்றலும் ஆராய்ச்சியின் ஒரு பாகம் என்பதை மாணவர் முதலாண்டிலேயே உணர்தல் நன்று. கணிதம் வல்ல மாணவருட் சிலர் மொழிப்பாடத்தை இளக்காரமாக எண்ணுவது பள்ளிக்கூடங்களில் காணும் காட்சிதான்.

இனி, கல்வி எவ்வாறு நடைபெறுகிறது? அமெரிக்காவில் முதற்பட்டத்துக்குப் பின் கலாநிதிப் பட்டம் பெற ஐந்தாண்டு அளவிற் செல்லும். தொடக்கத்தில் பாடங்களும் தகுதிகாண் தேர்வும் உண்டு. ஆராய்ச்சி மாணவருக்குக் கட்டண விலக்கும் வாழ்க்கைச் செலவுக்கான உதவிப்பணமும் வழங்கும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று முதல் நான்கு ஆண்டுகள். ஓராண்டு முதுமாணிப் பட்டத்தைப் பெரும்பாலும் சொந்தப் பணத்திலேயே படிக்க வேண்டியிருக்கும். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இவ்வேறுபாட்டை நன்கு கேட்டறிதல் வேண்டும்.

வெப்பவியலும் தாக்க வேகமும் முன்னரே கற்றவை. புதிதாக வருவது கணிதம். இருபது கருவிகளை ஓர் ஆலையில் வைப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டுமானால், சாத்தியமான அமைப்புகள் 10 இலட்சத்துக்கு மேலாகின்றன. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மிகச் சிறந்ததைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கற்பதும், புதிய முறையைக் காண்பதுமே மாணவனின் நாளாந்த வேலை. சோதனைச்சாலைக் குடுவைகளைக் காண்பது அரிது. கணினியின் முன் மாதக்கணக்காக அமர்ந்தும், சமன்பாடு தீராமல் நிற்கும் நாள்கள் பல. கையினாற் பொருள் செய்து காண்பதிலே மகிழ்பவருக்கு இது பாலைவனமாகத் தோன்றலாம். அத்தகையோர் வேறு துறையைத் தேர்வதில் இழுக்கொன்றுமில்லை.

வேறோர் அபாயமும் உண்டு. சமன்பாட்டில் எழுதிய ஆலை என்றும் துருப்பிடிப்பதில்லை. அதன் வால்வு இறுகுவதில்லை. அதனோடே ஐந்தாண்டு பழகியவருக்கு உண்மை ஆலையே பிழையானதாகத் தோன்றத் தொடங்கும். இதற்கு மருந்து, படிப்புக்கு முன்னரோ இடையிலோ சில மாதங்களாவது ஆலையில் இரவுமுறை வேலை செய்து, கருவி காட்டும் எண் எப்போது பொய்யுரைக்கும் என்பதை அங்குள்ள தொழிலாளரிடம் கற்பதே. மொறட்டுவையிலும் பேராதனையிலும் இரசாயன, செயன்முறைப் பொறியியல் பயிலும் மாணவர், தம் பயிற்சிக் காலத்தை வெறும் சடங்காக முடிக்காமல் இவ்வாறு பயன்படுத்தலாம். அவ்வாறு பழகியவர் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் எழுதுவதற்கும் ஏதேனும் இருக்கும்.

அந்த விண்ணப்பக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதினும், மூவருடைய அண்மைக்கால ஆய்வுகளைப் படித்து மூன்று கடிதங்கள் எழுதுவது மேல். கேட்க வேண்டியவற்றையும் தயங்காமற் கேட்கலாம்: அவரிடம் பயின்றவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தனர், இப்போது எங்கே பணியாற்றுகின்றனர், ஆய்வுக்கான தரவு உண்மை ஆலையிலிருந்து வருகிறதா, உதவிப்பணம் எந்த ஆண்டு வரை உறுதி? இவற்றுக்கு நேராக விடையளிக்கும் பேராசிரியர், கல்லூரியின் பெயர் சற்றுச் சிறிதாயினும், தேர்ந்துகொள்ளத் தக்கவரே.