அறமும் நயன்மையும் ஒருங்கே கற்க!



இளங்கலை வகுப்பில் அறவியலை ஒரு தாளாகவும் குமுகாய நயன்மையை வேறொரு தாளாகவும் பிரித்துக் கற்றல், உயிரையும் உடலையும் பிரித்து வைத்து மாந்தனைத் தேடுதல் போன்றது.

சென்னை மாநிலத்து வகுப்புரிமை ஆணையை எண்ணுக. மருத்துவ, பொறியியற் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லா இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, கிறித்தவர் – ஆங்கிலோ இந்தியர்க்கு 1, முசுலிம்களுக்கு 1 என அது பகுத்தளித்தது. 1951 ஏப்பிரல் 9-இல் உச்ச நயன்மன்றம் அதனைச் செல்லாதெனத் தீர்த்தது. வழக்குத் தொடுத்தோருள் ஓர் அம்மையார் கல்லூரியில் இடம் கேட்டு எழுதவே இல்லை! தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு சூன் திங்களிலேயே, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தால் 15(4) என்னும் உட்பிரிவு பிறந்தது.

சட்டம் மட்டும் கற்றவன் அத்தீர்ப்பே முடிவென்பான். அறம் மட்டும் கற்றவன் ‘எல்லாரும் நிகர்’ எனச் சொல்லி அமைவான். இரண்டும் கற்றவனே, காலங்காலமாய்க் கட்டுண்டவனையும் கட்டற்றவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுதல் நிகர்மை ஆகாதென உணர்வான்.

செங்கோன்மையைப் பொருட்பாலில் வைத்த வள்ளுவர், நடுவு நிலைமையை இல்லறவியலில் வைத்தார். நயன்மை ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று. இல்லந்தோறும் ஒழுகவேண்டிய அறம் அது. அதனைத் தமிழிற் கற்பீர்; தேர்வோடு விடாது வாழ்விற் காட்டுவீர்!

வெல்க தமிழ்!