செஞ்சிக் கோட்டையும் எங்கள் கிணறும்

நான் பிறந்து வளர்ந்த ஊர் வட்டுக்கோட்டை. பெயரிலே கோட்டை இருக்கிறது; ஊரிலே கோட்டை இல்லை. எங்களுக்கு வடக்கே கீரிமலை இருக்கிறது. அங்கே தீர்த்தம் உண்டு, மலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் சுற்றி வந்தாலும் பனையின் உச்சியும் கோபுரத்தின் உச்சியுமே எங்கள் கண்ணுக்குத் தெரிந்த உயரங்கள். ஆகவே, சிறு வயதிலே 'மலைக்கோட்டை' என்ற சொல்லைக் கேட்டபோது, அது எப்படி இருக்குமென்று எண்ணிப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

அந்தச் சொல்லை முதன்முதல் எனக்குச் சொன்னவர் என் பாட்டனார். மாரிக்கால இரவுகளில் விறாந்தையிலே லாம்பை ஏற்றி வைத்துக்கொண்டு, பெரியெழுத்துப் புத்தகத்திலிருந்து தேசிங்குராசன் கதையை இராகத்தோடு படிப்பார். பாராசாரி என்னும் குதிரையும், மணப்பந்தலை விட்டெழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் வந்த மகமது கானும் எங்களுக்கு அயல்வீட்டாரைப் போலப் பழக்கமானவர்கள். "அப்பு, செஞ்சிக் கோட்டை எங்கை இருக்கு?" என்று கேட்பேன். "கடலுக்கு அங்காலை, தம்பி" என்று வடக்கே கையைக் காட்டுவார்.

அவர் எனக்கு நேரிலே காட்டிய கோட்டை வேறொன்று. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிக் காரைநகர்த் துறைக்குச் சென்றால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, கடலின் நடுவிலே ஒரு சிறு கோட்டை தெரியும். ஒல்லாந்தர் அதற்கு அமன்கீல் என்று பெயரிட்டனர். நாங்கள் கடற்கோட்டை என்போம். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். "சுத்திவரக் கடல். பகைவன் கிட்ட வர ஏலாது. பிறகு எப்படி அப்பு விழுந்தது?" என்று கேட்டேன். "தண்ணி விடாய், தம்பி" என்றார் அவர். அது உண்மை. உள்ளே இருந்தவர்கள் குடிநீர் இன்றியே பணிந்தார்கள். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை நீர் இல்லாமல் வீழ்ந்தது என்பது அந்த வயதில் எனக்கு ஒரு விடுகதையாகவே இருந்தது.

அந்த விடுகதையின் மறுபாதியை எழுபது வயதுக்குப் பின்னரே செஞ்சி மலையில் நான் கண்டேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கினேன். அங்கே தொழில் பார்க்கும் என் மருமகன் துணைக்கு வந்தான். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வீதியில், ஏறக்குறைய 28 கிலோமீற்றர் தொலைவில் செஞ்சி இருக்கிறது. ஊரை நெருங்கும்போதே மலைகள் தெரியத் தொடங்குகின்றன. எங்கள் நாட்டின் மத்திய மலைகளைப் போலப் பசுமை போர்த்தவை அல்ல இவை. பெரும் பெரும் பாறைகளை யாரோ கூடையில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போனது போன்ற மலைகள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. அம்மூன்றையும் இணைத்து ஓடும் மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீற்றர். வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்லும் தூரத்தை மனத்திற் கொண்டால், அம்மதிலின் நீளம் எங்களூரவர்க்கு விளங்கும்.

இக்கோட்டையின் தொடக்கத்தை ஆனந்தக் கோன் என்பவரோடு சேர்த்து, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டு செல்வர். பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் இங்கிருந்து ஆண்டனர். 1597இல் இங்கே வந்த பிமெந்தா என்னும் யேசுசபைக் குருவானவர், தாம் இந்தியாவிற் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியதென்றும், போர்த்துக்கலில் லிஸ்பன் ஒன்றே இதனினும் பெரியதென்றும் எழுதி வைத்தார். நாயக்கரின் பின் பீசப்பூர் சுல்தானின் படையினர் வந்தனர். 1677இல் சிவாசி கைப்பற்றினார். பின் மொகலாயர், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராக வந்து போயினர். 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மராட்டியரின் போர்த்திறம் விளங்கும் பன்னிரண்டு கோட்டைகளை யுனெசுகோ நிறுவனம் உலக மரபுச் சொத்தாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

இராசகிரியின் அடிவாரத்தை அடைந்தபோது காலை எட்டு மணி கடந்துவிட்டது. மலையின் உயரம் ஏறக்குறைய 800 அடி. மருமகன் மலையை ஒருமுறை பார்த்தான்; என்னை ஒருமுறை பார்த்தான். "மாமா, நீங்கள் கீழை இருங்கோ. நான் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்றான். அப்புவின் கதையை அவன் கேட்டதில்லை. ஆகையால் அவன்மேற் குறை சொல்ல இடமில்லை. வாயிலருகே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு புறப்படுவதைக் கண்டு, "ஐயா, தண்ணி எடுத்துக்கினு போங்க. மேல கெடைக்காது" என்றார். இரண்டு போத்தல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஏறினோம்.

படிகளை எண்ணத் தொடங்கி, இருநூறு வரை எண்ணி விட்டுவிட்டேன். வாயிலின் மேல் வாயிலாக வழி திரும்பித் திரும்பிச் செல்கிறது. ஒவ்வொரு வாயிலையும் நேரே பார்க்க முடியாதபடி, வழியை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். யானையை மோதவிட்டுக் கதவை உடைக்க வருபவன், ஓடி வேகம் பிடிப்பதற்கு அங்கே இடமில்லை. மதில் கட்ட இயலாத இடங்களிற் பாறையே மதிலாக நிற்கிறது. எது மனிதர் அடுக்கிய கல், எது மலையின் கல் என்று பிரித்தறிய இயலாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன. நாங்கள் இளைப்பாறிய இடங்களிலெல்லாம் குரங்குகள் சூழ்ந்துகொண்டு எங்கள் பையையே நோக்கின.

உச்சியை அடைவதற்குச் சற்று முன், மலை திடீரென்று பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் ஏறக்குறைய 24 அடி. ஆழம் ஏறக்குறைய 60 அடி. அதன்மேல் ஒரு பாலம். முற்காலத்தில் வேண்டும்போது எடுத்துவிடத்தக்க மரப்பாலமாக அது இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால், அப்பால் நிற்கும் ஒரு சிலர், இப்பால் நிற்கும் பெரும் படையைத் தடுத்துவிடலாம். பாலத்தின் நடுவே நின்று கீழே பார்த்தபோது என் கால்கள் நடுங்கின. மருமகன் என் முழங்கையைப் பற்றிக்கொண்டான். அதன்பின் கீழே இறங்கும் வரை அவன் கையை விடவில்லை.

உச்சியிலே களஞ்சியம் இருக்கிறது. அரங்கநாதர் கோயில் இருக்கிறது. ஒரு பீரங்கி இருக்கிறது. ஆனால், என் கண் தேடியவை இவையல்ல. எண்ணூறடி உயரத்தில், வெறும் கருங்கல்லின்மேல், ஒரு படை எதைக் குடித்து வாழ்ந்தது என்ற கேள்வியே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இராசகிரியின் மேற்பகுதியிலே வற்றாத ஊற்றுகள் உண்டு. ஊற்றோடு நின்றுவிடாமல், பாறையில் வழிந்தோடும் மழைநீரையும் தேக்கங்களிலே நிறுத்தியிருக்கிறார்கள். கீழே ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரகுளம் எனக் குளங்கள் இருக்கின்றன. மாடத்தின்மேல் மாடமாக எட்டு நிலைகளுடன் உயர்ந்து நிற்கும் கலியாண மகாலுக்கு, கோட்டைக்கு வெளியேயிருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியே நீரைக் கொண்டுவந்து, மேல்மாடி வரை ஏற்றியிருக்கிறார்கள். அடிவாரத்து வெங்கடரமணர் கோயிலின் அழகிய தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றுவிட்டனர். தூணைக் கொண்டு செல்லலாம். ஊற்றை யாராலும் கொண்டு செல்ல முடியாது.

இந்த நீரின் வலிமையை வரலாறு காட்டுகிறது. சிவாசியின் மகன் இராசாராமன் 1689இல் இக்கோட்டையிலே தஞ்சம் புகுந்தார். அடுத்த ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டார். முற்றுகை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இழுபட்டது. 1698இன் தொடக்கத்திலேதான் கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராசாராமன் தப்பிச் சென்றுவிட்டார். கடலின் நடுவே இருந்த எங்கள் கோட்டையோ நீரின்றிச் சில கிழமைகளுக்குள் வீழ்ந்தது. இந்தப் பாறையின்மேல் இருந்த கோட்டையோ எட்டு ஆண்டுகள் தாங்கியது. இதுவே அப்புவின் விடுகதைக்கு நான் கண்ட மறுபாதி.

ஆனால், விடை அத்துடன் முடிந்துவிடவில்லை. அதே செஞ்சியை, 1750ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, பிரெஞ்சுத் தளபதி புசி ஒரே இரவில் எடுத்துக்கொண்டார். அதே மதில், அதே பிளவு, அதே ஊற்று. கோட்டைக்கு வெளியே தோற்று ஓடிய படையைத் துரத்திக்கொண்டே வாயிலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர், வெடி வைத்துக் கதவைத் தகர்த்து உட்புகுந்தனர். பொழுது புலர்வதற்குள் மலைகள் அவர்கள் கையில் இருந்தன. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் 1761இல் அதனைப் பெற்றனர்.

தேசிங்கின் கதையும் இங்கே எண்ணத்தக்கது. 1714ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயது இளைஞனாகிய தேசிங்கு வெளிக்களத்திலே போர் செய்து மாண்டான். வெள்ளம் பெருகிய ஆற்றைக் கண்டு பலர் தயங்கி நிற்க, சிலரோடு மட்டும் ஆற்றைக் கடந்து சென்றான் என்பர். இவ்வளவு பெரிய கோட்டை அவனுக்குப் பின்னால் இருந்தது. உடன் நிற்க வேண்டிய மனிதர் போதிய அளவு இருக்கவில்லை. செட்டிகுளக் கரையிலே அவன் உடல் எரியூட்டப்பட்டதென்று சொல்லப்படும் இடத்தில், நான் சிறிது நேரம் நின்றேன். அப்புவின் குரலில் அந்தப் பாட்டின் இராகம் மாத்திரம் நினைவுக்கு வந்தது, சொற்கள் வரவில்லை.

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே, காவலுக்கு வேண்டியவற்றை எண்ணும்போது, தெளிந்த நீரையே முதலில் வைக்கிறார். மண்ணும் மலையும் காடும் அதன் பின்னரே வருகின்றன. அதே அதிகாரத்தை முடிக்கும்போது, எத்துணைச் சிறப்புடைய அரணாயினும், செயற்சிறப்பு இல்லாதாரிடத்தில் அது இல்லாததற்கே சமம் என்கிறார். பள்ளிக்கூடத்தில் இவ்விரண்டையும் மாணவர்க்குப் பல ஆண்டுகள் நான் கற்பித்தவன். செஞ்சியிலிருந்து இறங்கும்போதுதான் முதலிலே நீரும் முடிவிலே மனிதரும் ஏன் வைக்கப்பட்டனர் என்று எனக்கு விளங்கியது.

நேயர்களே, மலை இல்லாத நாட்டவராகிய நமக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நமக்கு ஆறும் இல்லை. மாரியிலே மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு; அதுவும் அராலியிலே கடலேரியிற் கலக்கிறது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலே இறங்கும் மழைநீர், கீழே உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதுவே நம் கிணறு. அதுவே நம் அரண். துலாவினால் இறைத்த காலத்தில் அந்தப் படை தாங்கியது. இயந்திரத்தால் அளவின்றி இறைக்கும்போது, கீழேயுள்ள உவர் மேலே ஏறிவிடுகிறது. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் முன்வைத்த திட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டது. அவையெல்லாம் அரசினர் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது நம் வளவுக்குள்ளே இருக்கிறது.

எங்கள் வளவிலும் பாட்டனார் காலத்துக் கிணறு ஒன்று உண்டு. சில ஆண்டுகளாக அதன் நீர் உவர்த்துவிட்டது. அதனைத் தூர்த்துவிட்டுக் குழாய்க்கிணறு அடிப்பதென்று தம்பியும் நானும் முடிவு செய்திருந்தோம். வேலையாளுக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. ஊர் திரும்பிய மறுநாட் காலை, தம்பியை அழைத்து, பாறையிலே மழைநீரைத் தேக்கி வாழ்ந்தவர்களின் கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முற்பணம் போனாற் போகட்டும், அண்ணை. அப்புவின்ரை கிணறு கிடக்கட்டும்" என்றார். இருவருமாகச் சேறு வாரினோம். உடைந்திருந்த கட்டைத் திருத்தினோம். கூரையின் மழைநீரைப் பீலி வைத்துச் சேர்த்து, கல்லும் மணலும் பரப்பிய தொட்டியில் வடித்து, கிணற்றினுள் இறங்க வழி செய்தோம். ஒரு மாரியில் உவர் முற்றாக நீங்கிவிடாது என்பதை நான் அறிவேன். ஆயினும், சென்ற மார்கழியிலே அள்ளிக் குடித்தபோது, முன்னைய கரிப்புச் சற்றுக் குறைந்திருந்ததாகவே எனக்குத் தோன்றியது. தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாரியின் பின்னர் பார்ப்போம் என்கிறார்.

செஞ்சிக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், தவறாது செல்லுங்கள். காலையிலேயே மலையேறுங்கள். மதிலையும் பீரங்கியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஊற்றையும் குளத்தையும் தேடிப் பாருங்கள். ஒரு படைக்கு எட்டு ஆண்டுகள் நீர் ஊட்டிய அந்த மலையிலே, குடிப்பதற்கு இன்று நாம் போத்தலில் நீர் சுமந்துகொண்டு ஏற வேண்டியிருக்கிறது. ஊற்று இருந்தாலும், அதனைப் பேணுவார் இல்லையென்றால், நிலைமை அவ்வளவுதான். அந்த மூதாட்டி எனக்கு விற்ற இரண்டு போத்தல் நீரும் உச்சியிலேயே தீர்ந்துவிட்டன. இறங்கும் வழி முழுவதும் தண்ணி விடாயோடுதான் வந்தேன்.